களப்பின் மேல் ஓடிய அம்பு

கற்பிட்டியிலிருந்து உச்சமுனைக்குச் செல்லும் படகில் எனக்கு முன்னே ஒரு கணவனும் மனைவியும் அமர்ந்திருந்தனர். கடலையொட்டிய களப்பின் நீர் அசைவற்று, வானத்தைத் தன்னுள் வாங்கிக் கிடந்தது. கையிலிருந்த தொலைபேசியை உற்றுப் பார்த்தபடியே கணவர் மெல்லச் சொன்னார்:

“போன்ல தெரியிற வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில மவுஸ் அம்பு தன்னால ஓடுது புள்ள. நிப்பாட்டாம வந்துட்டேனேன்டு போன்லயே நிப்பாட்டப் போனேன்.”

“ஜின்னு பேயா ஓட்டுது? ஒங்கட மகள்தான் ஒக்காந்திருப்பாள்.”

“கொழும்புக்குப் படிக்கப் போக வாணாமென்டு சொன்னதுலேர்ந்து என்னோட கதைக்கிறாளில்லையே.”

“அதுலயே ஏதும் எழுதுங்களேன்.”

“எழுதிப் பாத்தேன். போன் ஒரு சாதி, கம்ப்யூட்டர் வேற சாதி. என்ட எழுத்தெல்லாம் அங்க வெறுங் கட்டமா வுழுது. பொறு, அவள் படம் கீறுறாள். ரயில்!”

“கொழும்பு ரயிலாத்தான் இரிக்கும். புடிவாதம் அப்படியே வாப்பாட.”

படகு கண்டற்காட்டின் நிழலைக் கடந்தது. அவர் விரலால் திரையில் நெடுநேரம் எதையோ வரைந்துகொண்டிருந்தார்.

“என்ன செய்றீங்க? ரயில அழிச்சிடாதீங்க!”

“அழிக்கல்ல. ஜன்னல்ல அவளக் கீறினேன். பக்கத்துல நான். மொத நாள் நான்தானே கூட்டிட்டுப் போவணும்.”

இயந்திரத்தின் ஒலி மட்டும் நீர்ப்பரப்பில் பரவிக் கரைந்துகொண்டிருந்தது.

“அம்பு நிண்டுட்டு,” என்றார் அவர்.

இருவரும் அச்சிறு திரையின் மேல் குனிந்தனர்.

“இப்ப?”

“அசையுது. எனக்குத் தொப்பி போட்டு வுடுறாள்.”