மறுபடி கொடுத்தபோது

ஓரெஸ்ட் ஹ்னாட்யூக்கின் கீழுதடு ஏன் வீங்குகிறது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. சில நாள் காலையில் எழும்போது ஒரு பக்கம் உப்பியிருக்கும், மறுநாள் வற்றிவிடும். பிறகு சில வாரங்களுக்கு ஒன்றும் இருக்காது. அவருடைய மனைவி டோரீன் முதலில் வால்நட்டைச் சந்தேகப்பட்டார். பிறகு பக்கத்து வீட்டு நாயை.

"டாக்டர், இன்னிக்கு நாக்கும் சேர்ந்து தடிச்சுடுச்சு," என்று ஒருநாள் குழறிக்கொண்டே வந்தார் ஓரெஸ்ட். "டோரீனுக்கு ஒரே கொண்டாட்டம். கல்யாணமானதுலேர்ந்து வீடு இவ்வளவு அமைதியா இருந்ததே இல்லையாம்."

எங்கள் ஊரில், பனிக்கட்டித் தரையில் கனமான கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் அரங்கின் தரையைப் பராமரித்தவர் அவர். சனிக்கிழமைகளில் நானும் அங்கே கல் சறுக்குவேன்.

சார்ஜென்ட், நீங்கள் போலீஸ்காரர், மருத்துவம் படித்தவர் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். சாப்பாட்டு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் அரிக்கும், தோல் தடிக்கும். ஓரெஸ்டுக்கு அரிப்பே இல்லை. நம் உடலில் ஒரு பொருள் உண்டாகிறது. அது மெல்லிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும். உடலே அதை உடனுக்குடன் சிதைத்தும் விடும். சில ரத்த அழுத்த மாத்திரைகள் அந்தச் சிதைவைத் தடுக்கின்றன. பொருள் சேர்கிறது, குழாய்கள் கசிகின்றன, உதடு வீங்குகிறது. மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் போவதில்லை. நான் ஓரெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தது புதிதாக வந்த ஒன்று. இது அப்படிச் செய்யாது என்று சொல்லித்தான் எங்களுக்குத் தந்திருந்தார்கள்.

இலையுதிர்காலத்தில் அதை நிறுத்திவிட்டு வேறு வகை மாத்திரை கொடுத்தேன். குளிர்காலம் முழுக்க உதடு வீங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லெனோர் துபுவா வந்தார். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வேலை. எங்களைப் போன்ற குடும்ப மருத்துவர்களை அறிக்கை எழுத வைப்பதற்காக ஊர் ஊராகக் காரோட்டுகிறவர். சுற்றுவட்டார ஊர்களின் மருத்துவர்கள் கூடும்போது எல்லாருக்கும் சாண்ட்விச் வாங்கி வருவார்.

"தின்ன மட்டும் கூட்டமா வந்துடறீங்க. நாலு வரி எழுதுங்கன்னா எல்லார் வீட்டுலயும் பனி தள்ளுற வேலை வந்துடுது," என்றார். சிரித்தோம்.

அவர் கொண்டுவந்த அறிக்கைப் படிவத்திலிருந்த ஒரு கேள்வியைக் காட்டினேன். மருந்தை மறுபடி கொடுத்தபோது அதே பாதிப்பு வந்ததா?

"அது தெரியாத்தனமா கொடுத்திருந்தா எழுதறதுக்கு, டாக்டர். வேணும்னே யாரு கொடுப்பா? உங்களுக்குச் சந்தேகம் வந்தா போதும், எழுதி அனுப்புங்க. நிரூபிக்கறது எங்க பாடு."

நல்ல பெண். ஆனால் சந்தேகம் என்னிடம் எப்போதும் இருந்தது. முப்பது வருடமாக இந்த ஊரில் தனி ஆளாகப் பார்க்கிறேன். இது கட்டியா, வெறும் வீக்கமா? நகரத்துக்கு அனுப்பலாமா, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா? தினமும் அதோடுதான் வீட்டுக்குப் போவேன், அதோடுதான் படுப்பேன். களைத்துப் போயிருந்தேன். ஒரே ஒரு விஷயத்தையாவது முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தவிர, மற்ற ஊர்களில் அதே மாத்திரையை விழுங்குகிறவர்களையும் நினைத்தேன். அரைகுறை அறிக்கைக்கு யார் அசைவார்கள்?

மார்ச்சில், நிறுத்தியிருந்த அந்தப் பழைய மாத்திரைகளில் என்னிடம் மீதமிருந்தவற்றைப் பெயர் ஒட்டாத ஒரு புட்டியில் போட்டு ஓரெஸ்டிடம் கொடுத்தேன்.

"இது என்ன புதுசா?"

"பிரஷருக்குத்தான். இப்ப சாப்பிடறதைவிட நல்லது. உதடு வீங்கினா உடனே எனக்கு போன் பண்ணிடுங்க."

"வீங்கினா டோரீனே பண்ணுவா. விருந்துக்குக் கூப்பிட."

பெரிய மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருக்கிறது என்பதை மறக்கவில்லை. ஆனால் நாக்கு ஒரே ஒரு தடவைதான் தடித்திருந்தது.

வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அரங்கில் அவர் பேசும்போது நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏமாற்றமாக இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. டோரீன் தேவாலயத்துக்குப் போயிருந்தார். பேச்சில்லை, இழுத்து இழுத்து விடும் மூச்சு மட்டும். சொன்னபடியே ஓரெஸ்ட் எனக்குத்தான் முதலில் அழைத்திருந்தார். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதி.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு ஓடினேன். நாக்கு வாயை அடைத்திருந்தது. ஊசி போட்டேன். இந்த வகை வீக்கம் அந்த ஊசிக்குச் சரியாகக் கட்டுப்படாது, அதுவும் தெரிந்ததுதான். சமையலறைத் தரையிலேயே அவர் இறந்துபோனார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே படிவத்தை நிரப்பி அனுப்பினேன். மாத்திரைதான் காரணம். நிறுத்தினேன், நின்றது. கொடுத்தேன், வந்தது. லெனோரிடம் வேண்டுமானால் கேளுங்கள். இந்த மாவட்டத்திலிருந்து அவருக்குப் போனவற்றில் சந்தேகமே இல்லாத அறிக்கை அது ஒன்றுதான்.