அண்ணியின் தலையணை உறை

துணி மெத்தென்று ஆவதற்கான சாஃப்ட்னரை மூடியில் அளந்து ஊற்ற வேண்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. யாரும் அளப்பதில்லை. நானும் கண்ணளவுதான். நீங்கள் கேட்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மறைக்கிற தெம்பு எனக்கு இல்லை.

அண்ணி என் கணவரின் அக்கா. தனியாக இருக்க முடியவில்லை என்று எங்களோடு வந்து தங்கினார். கெட்டவர் இல்லை, ஆனால் ஆஸ்துமா இழுப்புக்காரர். வாசனை என்று எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோப்பிலிருந்து என் முகப் பவுடர் வரை எல்லாம் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அண்ணிக்கு மோப்பமே கிடையாது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது.

நாள் முழுக்க நான்தான் கூட. வெந்நீர், மாத்திரை, முதுகு நீவல். அப்பாடா என்று உட்கார்ந்தால் கூப்பிடுவார். என் கணவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா சாப்ட்டாங்களா?" என்பார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை. எனக்கு அலுத்துப் போயிற்று, அவ்வளவுதான்.

முதல் தடவை தெரியாமல்தான் நடந்தது. வாசனையில்லாத சாஃப்ட்னரோடு இலவசமாக வாசனைக் குருணைப் பொட்டலம் ஒன்று வந்தது. ஆசைக்கு என் துணிகளோடு மெஷினில் போட்டேன். அண்ணியின் தலையணை உறையும் அதில் சேர்ந்துவிட்டது. அன்றைக்கே இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு என் கணவர் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று அழுகையே வந்தது.

அதற்குப் பிறகு, உடம்பு அடியோடு தளர்ந்துபோகும்போது மட்டும் உறைக்குக் குருணை போட்டேன். எல்லாரும் வேலைக்கு லீவு போடுவதில்லையா? "என்னமோ மணக்குதே" என்று என் கணவர் ஒருநாள் மூக்கை உறிஞ்சினார். "பக்கத்து வீட்ல தொவைக்கிறாங்க" என்றேன். அவர் தூசியைச் சந்தேகப்பட்டு ஜன்னல் திரைகளைக் கழற்றினார். கம்பளத்தைத் தூக்கி எறிந்தார். நான் சரியாகப் பெருக்குவதில்லை என்று கத்தினார். அண்ணிதான் எனக்காகப் பேசினார்.

"அவளப் போட்டு வாட்டாதடா. என் துணிய இவ மாதிரி மெத்துனு யாரு தொவச்சுத் தருவா?"

எனக்கு அவர்மேல் பாசம் உண்டு. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசித் தடவை கொஞ்சம் தாராளமாகவே கொட்டினேன். நாலைந்து நாளாவது ஓய்வு கிடைக்கட்டும் என்று நினைத்தேன். மத்தியானம் உறையை மாட்டி, அண்ணியைப் படுக்க வைத்துவிட்டு, பால்கனியில் துணி காயப்போடப் போனேன். மூச்சு முட்டினால் அவருக்குக் குரல் வராது, சுவரைத் தட்டுவார். தட்டினார். மருந்துப் பம்ப் அலமாரியில் இருந்தது, நான் போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறவர்தானே என்று அடுத்த துணியை எடுத்தேன். மறுபடியும் தட்டினார். அப்புறம் தட்டவில்லை.

வாளியில் பாதித் துணி மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாக உதறி, சுருக்கம் நீவி, கிளிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். ஈரத்துணியை அப்படியே விட்டால் வாடை வந்துவிடும், உங்கள் வீட்டில் கேட்டுப்பாருங்கள்.