சம்பந்திகளுக்கு ஊர் காட்டுதல்

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறியதும், பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டுத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். செய்தது தவறுதான். மில் வேலை முடிந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் எனக்கு அருகிலேயே நின்றார்கள்.

"மருமக அப்பா அம்மா நாளைக்கு வந்தா, அவுகள ஒக்கார விடக்கூடாது," என்றாள் அவள்.

"விருந்தாளிய ஒக்காரச் சொல்லாமயா?"

"ஒக்காந்தா, மாப்பிள்ளை வேலைக்குப் போகலையான்னு கேப்பாக. மகனுக்கு வேலை போயிருச்சுன்னு நீங்க சொல்லுவீகளா?"

"சரி, கோயிலக் காட்டுவோம். பொறவு பால்கோவா வாங்கிக் குடுப்போம்."

"அது செத்த நேரந்தான். பெரிய கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போங்க. கரை முழுக்க நடக்க விடுங்க. மூச்சு வாங்குறவுக கேள்வி கேக்க மாட்டாக."

"ஏட்டி, எனக்கே காலு வலிக்கி. அங்க அம்புட்டு நேரம் என்னத்தக் காட்ட?"

"தண்ணியக் காட்டுங்க. தண்ணி இல்லன்னா, தண்ணி நின்ன எடத்தக் காட்டுங்க."

"ராத்திரி சாப்புட்டுட்டுக் கேட்டா?"

அவள் குரல் என் பக்கம் திரும்பியது.

"இந்தப் பெரியவர் மாதிரி கண்ண மூடிக்கிடுங்க. தூங்குறவுககிட்ட யாரு என்ன கேக்க முடியும்?"

ஊர் வந்து அவர்கள் இறங்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை, பையையும் எடுக்கவில்லை.