துரைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய்

— பூனைக் கூடையை உன்கிட்ட வெச்சுக்காதடா. உன் சட்டையில அடிக்கிற எண்ணெய் நாத்தத்துக்கே துரைக்கு இன்னொரு வாந்தி வந்துடும்.

— காலையிலேருந்து கடையே தொறக்கலக்கா. இது துவைச்ச சட்டை.

— துவைச்சா போயிடுமா? இத்தனை வருஷமா உருளைக்கிழங்கு வறுக்கிற. உன்னைப் புழிஞ்சா ஒரு குடும்பத்துக்கு ஒரு மாசத்து எண்ணெய் வரும்.

— மெதுவாப் பேசு. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறவங்க எல்லாம் பாக்கறாங்க.

— பாக்கட்டும். பூனைக்கு எண்ணெய் ஊத்தின மேதாவி எப்படி இருப்பான்னு தெரிஞ்சுக்கட்டும்.

— ஊத்தலக்கா. சோத்துல ஒரு ஸ்பூன் விட்டேன். முடி பளபளன்னு இருக்கும்னு வீடியோவுல ஒரு அம்மா சொன்னாங்க.

— எந்த அம்மா? டாக்டரா?

— சமையல் சொல்ற அம்மா.

— அட அறிவே! அவ சொன்னா பூனையை எடுத்துத் தாளிச்சுடுவியா?

— நல்ல கடலை எண்ணெய்க்கா. புது டின் தொறந்ததும் மொதல்ல துரைக்குத்தான் தனியா எடுத்து வெப்பேன். வறுத்த எண்ணெயில ஒரு சொட்டு குடுத்ததில்ல. சத்தியமா.

— உன் சத்தியம்! கல்யாணத்தன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்டயும் சத்தியம்தான் பண்ணின. எங்க இப்ப அவ?

— அதை ஏன் இங்க இழுக்கற?

— உன் கையில எது வந்தாலும் வழுக்கிக்கிட்டுப் போயிடுது, அதான் இழுக்கறேன். ஊத்தாதடா ஊத்தாதடான்னு மாடிப்படியில நின்னு எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தினேன்? கேட்டியா?

— கேட்டேன். துரை ரசிச்சு சாப்பிடுதேன்னு மனசு கேக்கல.

— பேசிக்கிட்டது ஞாபகம் இருக்கில்ல? எண்ணெய்தான் காரணம்னு டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும். துரை மாடிக்கு என் வீட்டுக்கே வந்துடும். கதவைச் சாத்திடுவேன். கீழ உன் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.

— அக்கா, கடையைச் சாத்திட்டுப் போனா அந்த வீட்டுல என் முகத்தைப் பாக்கறது அது ஒண்ணுதான்.

— அது பாக்கறது உன் மூஞ்சியை இல்ல, ஸ்பூனை.

— பொழைக்குமாக்கா?

— ஊத்தும்போது என்னைக் கேட்டுட்டா ஊத்தின?

— பூனையோட வந்தவங்க நீங்கதானே? உள்ள வாங்க. மேஜை மேல விடுங்க, பாக்கறேன். என்ன பண்ணுது?

— டாக்டரம்மா, நான் சொல்லிடறேன். இவன் என் தம்பி. வறுவல் கடை வெச்சிருக்கான். இந்த வாயில்லா ஜீவனுக்கு எண்ணெயைக் குடுத்தே கொன்னுட்டிருக்கான்.

— கொஞ்சம் பொறுங்கம்மா. ஈறைப் பாருங்க, எப்படி வெளுத்துக் கெடக்குன்னு. மூத்திரம் என்ன நிறத்துல போகுது சார்?

— டீத்தண்ணி மாதிரி போகுது டாக்டர்.

— எண்ணெயால இது வராது.

— என்னது? நல்லாப் பாத்து சொல்லுங்க.

— பாத்துட்டுத்தாம்மா சொல்றேன். சார், பூனைக்கு நாம எண்ணெய் ஊத்த வேண்டிய தேவையே இல்ல. அதிகமாப் போனா வயித்தால போகும், உடம்பு பெருக்கும், கணையம் கெடும். அதனால இன்னையோட விட்டுடுங்க. ஆனா புது எண்ணெய் ஒரு ஸ்பூன் போனா ரத்தம் கெடாது. இதுக்கு ரத்த அணுவே உடைஞ்சு போகுது. வெங்காயம், பூண்டு ரெண்டும் பூனைக்கு விஷம், ஏதாவது உள்ள போச்சா?

— கடையில ரெண்டும் கெடையாது டாக்டர். உருளைக்கிழங்கு, உப்பு, மிளகாத்தூள், அவ்வளவுதான். வீட்டுல சோறும் மீனும் வேகவெக்கறதே துரைக்காகத்தான். அதுல உப்புகூடப் போடமாட்டேன்.

— வேற எங்கயாவது போய் சாப்பிடுதா?

— சாயங்காலமானா மாடிக்குப் போகும். அக்கா வீட்டுக்கு.

— நீங்க என்னம்மா குடுப்பீங்க?

— இந்த மேஜை என்ன இப்படி வழவழன்னு இருக்கு, துரை வழுக்கி விழுந்துடப்போகுது.

— அக்கா, உன்னைத்தான் கேக்கறாங்க.

— என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? நான் அதுக்குக் கெடுதல் பண்ணுவேனா? கண்டதையும் குடுக்கறவன் இவன். இவனைக் கேளுங்க.

— உன் கையை ஏன்க்கா முந்தானைக்குள்ள மறைச்சுக்கற?

— ஃபேன் காத்து.

— நான்தான் டாக்டர். பூண்டு நான்தான் குடுத்தேன்.

— இப்பத்தானே கெடையாதுன்னீங்க?

— மறந்துட்டேன். மீன்ல தட்டிப் போட்டேன். ஒரே ஒரு பல்லு. போன வாரம் ஒரே ஒரு நாள்.

— கேட்டீங்களா டாக்டரம்மா? இந்தத் தத்திகிட்ட ஒரு செடியைக் குடுத்தாலும் பட்டுப்போகும். நான் அப்பவே சொல்லல?

— சார், யோசிச்சு சொல்லுங்க. நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் வைத்தியம் பாக்கணும்.

— ஒரே நாள்தான் டாக்டர்.

— அப்ப சரி. போன வாரம் ஒரு தடவையோட நின்னதுன்னா இதுக்கு மேல மோசமாகாது, தானாத் தேறிடும். மாத்திரை தர்றேன். வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க.

— டாக்டரம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அதையே தினமும் குடுத்திருந்தா?

— அது வேற கதைம்மா. இங்கயே படுக்கவெச்சு உடனே ரத்தம் ஏத்தணும். அந்த நிலைமையில வீட்டுக்குப் போனா தாங்காது, போயிடும். அதான் ஒரு நாள்தான்னு சொல்றாரே. கூடையை எடுத்துக்குங்க சார்.

— எடுக்கட்டுமாக்கா?

— கூடையைக் கீழ வைடா, தண்டம்! ஒரு பொய்யைக்கூட உருப்படியாச் சொல்லத் துப்பில்ல உனக்கு. ரத்தம் ஏத்துங்க டாக்டரம்மா, இவன் ஒண்ணுமே குடுக்கல. இவன் ஊத்தற எண்ணெய்க்கு முறிவா இருக்கட்டும்னு தினமும் பூண்டை நசுக்கி, பால்ல கரைச்சு, வாயைப் புடிச்சுப் புகட்டினது நான்.