ரெஜினா ஏன் படிப்பை நிறுத்தினாள்

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன்... கதைன்னா கதை இல்லைங்க. எனக்கே நடந்தது.

நான் வரலாறு நடத்தின பல்கலைக்கழகத்துல கலைக் கல்லூரிதான் மூத்தது. அதோட மெயின் பில்டிங் இருக்கே... அறுபத்திநாலு கல்தூண், நடுவுல மணிக்கூண்டு. அதுக்கு நூறு வயசு ஆனப்போ வரலாறு எழுதற பொறுப்பை என்கிட்ட குடுத்தாங்க. ரெண்டு வருஷம் எழுதினேன். கல்லு எந்த மலையிலேர்ந்து வந்தது, தேக்கு எந்தக் கப்பல்ல வந்தது... ஒண்ணு விடல.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி, முதல் பிரதிய எடுத்துக்கிட்டு தையல்நாயகி அம்மா வீட்டுக்குப் போனேன். அந்தக் கல்லூரியில முதன்முதலா சேர்ந்த ரெண்டு பெண்கள்ல ஒருத்தங்க. எண்பத்தெட்டு வயசு. கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் புரட்டினாங்க. ஒரு பக்கத்துல நின்னுட்டாங்க.

"இது யார் எழுதினது தம்பி?"

"நான்தாம்மா."

"'மாணவி ரெஜினா படிப்பில் ஆர்வமின்மையால் இடையில் நின்றார்'... உங்களுக்கு யார் சொன்னா?"

"பழைய பதிவேட்டுல இருந்ததும்மா."

புத்தகத்தை மூடி வச்சாங்க. அப்புறம் குரலை உயர்த்தாம சொன்னாங்க.

"வகுப்புலயே அவதான் முதல். அந்தக் கட்டடத்துல எங்களுக்குன்னு ஒரு கக்கூஸ் கிடையாது தம்பி. காலையில போனா சாயந்திரம் வரைக்கும் ரெண்டு பேரும் தண்ணி குடிக்க மாட்டோம். பயம். ரெண்டாம் வருஷம் பங்குனி வெயில்ல மயங்கி விழுந்தா. சிறுநீரகம் கெட்டுப்போச்சுன்னாங்க. அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போனார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவ இல்ல."

டேப்பைப் பிடிச்சு அந்தக் கட்டடத்தோட ஒவ்வொரு அறையையும் அளந்தவன் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பொண்ணுங்க எங்க போனாங்கன்னு யோசிச்சேனா? செத்துப்போன பொண்ண, படிக்கப் பிடிக்காதவன்னு அச்சுல ஏத்தியிருக்கேன்.

மறுநாள் கல்லூரி முதல்வர்கிட்ட சொன்னேன். "ஒரு வரிதானே சார், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்"னார்.

"அந்த வரி இருந்தா என் பேரை எடுத்துடுங்க"ன்னேன். விழா ஒரு மாசம் தள்ளிப் போச்சு. அந்தப் பக்கத்தைத் திருத்தி அச்சடிச்சாங்க.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். தமிழ்த்துறை பிலோமினா மேடம், திருத்தின பக்கத்தைப் படிச்சிட்டு மெதுவா சொன்னாங்க: "சார்... நம்ம மாடியில எங்களுக்குன்னு இப்பவும் ஒண்ணு இல்ல. கீழ இறங்கி நூலகத்துக்குப் பின்னால போய்ட்டு வரோம். நான் சேர்ந்து பதினாறு வருஷமாச்சு."

பதினாறு வருஷம்... தினம் அவங்களோட உக்காந்து டீ குடிச்சிருக்கேன் நான்.

அந்த வாரமே ரெண்டு பேரும் சேர்ந்து மனு எழுதினோம். ஆசிரியைகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாங்க. நாலு மாசத்துல கட்டினாங்க.

தாய்மார்களே, பெரியவங்களே... ஏன் இதை உங்ககிட்ட சொல்றேன்? ஒருத்தரை நினைக்காமலே கட்டறது முதல் தப்பு. அதுல அவங்க பட்ட பாட்டை 'ஆர்வமில்லை'ன்னு எழுதி வைக்கறது அதைவிடப் பெரிய தப்பு. ரெண்டாவது தப்பைப் படிச்ச மனுஷங்கதான் பண்றோம். நான் பண்ணினேன். உங்க ஊர்ல ஒரு பொண்ணு படிப்பை விட்டுட்டான்னா, தயவுசெஞ்சு பதிவேட்டைப் பார்க்காதீங்க... அவ வீட்டுக்குப் போய், ஏம்மான்னு அவகிட்டயே கேளுங்க. அவ உயிரோட இருக்கும்போதே கேளுங்க.