அட்டென்ஷன்ல நின்ன ஓஸ்வால்ட்

ஹலோ... ஓஸ்வால்ட்டா? கிருஷ்ணப்பாடா. அடுகோடியில சாரத்து மேல நின்னு பெயின்ட் அடிச்சுட்டிருக்கேன், முதுகு ஒடியுது, கொஞ்சம் சத்தமா பேசு... ஆமா, ஆமா. உன் மெடிக்கல் போர்டு என்ன ஆச்சு?... கூப்பிட்டாங்களா... எத்தனை டாக்டருங்க?... அதுல ஒரு லேடி வேறயா. சரி சரி, சிரிக்கல, சொல்லு.

"கோயி தக்லீஃப்"னு கேட்டாரா. என்ன கஷ்டம்னுதானே கேக்குறாரு. நீ என்ன சொன்ன?...

அடப்பாவி.

அட்டென்ஷன்ல நின்னு, "சப் டீக் ஹை சாப்"னுட்டியா? எல்லாம் நல்லாருக்குன்னா?... ஆமாடா, காய்ச்சல்ல நடுங்கிட்டு நின்னாலும் பட்டாளத்துல அதான் சொல்வோம். வாய் அதுவா சொல்லிடும், ஒத்துக்கிறேன். ஆனா இது பரேடாடா? ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டுப் போன எடம்.

சும்னிரு, வாயை மூடு, நான் பேசுறேன். லடாக்ல வண்டி கவுந்து மண்டையில அடிபட்டுச்சே. அந்த அடியிலதான் மூளைக்கடியில இருக்குற பட்டாணி சைஸு சுரப்பி கெட்டுச்சு, ஆம்பளைக்கு வேண்டிய ஹார்மோன் ஊறலன்னு ஸ்பெஷலிஸ்ட் சொன்னாரா இல்லியா?... ஆங். அப்பவே உனக்குத் தாடி நின்னுபோச்சு. சுபேதார் சாப் உன் வழவழ தாடையைக் காட்டித்தானே எங்களைத் திட்டுவாரு, ஷேவிங்னா இதுடான்னு. நோய்னு யாரு கண்டா...

ம்... ம்... புரியுது. ஒரு பொம்பளை முன்னாடி அந்த விஷயத்தை எப்படிச் சொல்றது. எங்கிட்டயே நீ முதுகைக் காட்டிக்கிட்டுதானே சொன்ன. ஆனா சொல்லலேன்னா பட்டாளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதி மூடிடுவாங்கடா. ஊசி ஆயுசு பூரா போடணும். திரும்பிப் போய்க் கதவைத் தட்டு... பேஜார் பண்ணாதடா.

ஜூலியா எங்க? கூடத்தானே வந்துச்சு... காணோமா? பொண்டாட்டியையும் தொலைச்சுட்டியா... வருதா? குடு, குடு.

ஹலோ, தங்கச்சி... உள்ளயா? நீங்களே போனீங்களா?... அந்த லேடி டாக்டர்கிட்டயா... என்னம்மா சொன்னீங்க?...

இருங்கம்மா, பிரஷ்ஷைக் கீழ வெச்சுக்கிறேன்.

எல்லாத்தையுமா?... தனித்தனியா படுக்குற வரைக்குமா... ஐயோ, அதெல்லாம் எனக்கு வேணாம்மா. டாக்டரம்மா என்ன சொன்னாங்க, அதைச் சொல்லுங்க... சரி... திரும்ப ரத்தம் எடுக்கச் சொன்னாங்களா. அடிபட்டப்ப குடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்களா. நல்லதும்மா, நல்லது...

அவன் என்ன பண்றான்?... காது செவந்துபோச்சா. இருக்கட்டும்... என்னது, திரும்பக் கூப்பிடுறாங்களா? போகச் சொல்லுங்க, போகச் சொல்லுங்க...

போயிட்டானா... உக்காந்துட்டானா... ம்... பேசுறானா?... அவனேவா?... லேடி டாக்டரைப் பாத்தேவா...

என்ன சொல்றான்னு சொல்லாதீங்கம்மா. கதவைச் சாத்திட்டு இந்தப் பக்கம் வந்துருங்க. அவன் நிதானமா பேசட்டும். நான் வெச்சுடுறேன்.