ஒரு உழவு மழை ஆகும் வரைக்கும்

அனீஸ்: மதினி, நீங்க கொஞ்சம் எறங்கி வழி விட்டீங்கன்னா நானும் எறங்கிருவேன்.

முத்துலட்சுமி: எங்க எறங்குறது பாய்? வெளிய மழை ஊத்துது.

அனீஸ்: ஊத்தட்டும். ரோட்டுக்கு நடந்து போயி பஸ்ஸைப் பிடிச்சுக்கிறேன்.

மாரிச்செல்வம்: கரிசக்காட்டுல, மழைக்குள்ள, நடந்தா? செருப்பு இங்க நிக்கும், நீங்க அங்க நிப்பீக.

அனீஸ்: அது தெரிஞ்ச ஆளு, தூறல் விழுந்தப்புறம் எதுக்குண்ணே குட்டியானை வண்டிய இந்தப் பாதையில எறக்கினீங்க? ரோட்டு மேலயே நிறுத்துங்கன்னு சொன்னேன்ல. இப்பப் பாருங்க, சக்கரத்துல மண்ணு அப்பி வண்டி அசைய மாட்டேங்குது. மூணு பேரும் முட்டி இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.

முத்துலட்சுமி: இவுக எப்பவும் அப்படித்தான். போகாதன்னு சொன்ன பாதையிலதான் போவாக.

மாரிச்செல்வம்: ஏ, நீ சும்மா இரு. வெடிச்ச கம்மாயப் படம் எடுக்கணும்னாரு. இதுதான் குறுக்குப் பாதை.

அனீஸ்: வெடிச்ச கம்மாய்... அந்தக் கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க. வெடிப்பு எங்க இருக்கு? போன்ல என்ன சொன்னீங்க? பரளச்சிப் பக்கம் பொட்டுத் தண்ணி இல்ல, தரை பாளம் பாளமாக் கெடக்கு, கேமராவத் தூக்கிட்டு ஓடியாங்கன்னு...

மாரிச்செல்வம்: காலையில வரைக்கும் அப்படித்தான கெடந்துச்சு.

அனீஸ்: போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. பாளையம்பட்டி தாண்டுறப்ப நல்ல வெயிலு. இங்க வந்து காலை வச்சேன், கொட்டிருச்சு. அதுக்கு முந்தின வருசமும்...

முத்துலட்சுமி: அன்னைக்குக் கருவேல மரத்தடியில சாக்கைத் தலையில கவுத்துக்கிட்டு நின்னீக. பாவமா இருந்துச்சு.

அனீஸ்: பாவமாவா இருந்துச்சு? விழுந்து விழுந்து சிரிச்சீங்க. ஊரே சிரிச்சுச்சு. அதுல ஒருத்தர் வந்து என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. நனைஞ்சு நிக்கிறவன் கையை எதுக்குண்ணே கண்ணுல ஒத்தணும்?

மாரிச்செல்வம்: அது... பால்சாமி மாமா. அவருக்குப் பார்வை கம்மி. போற வாரவுக கையையெல்லாம் பிடிப்பாரு.

அனீஸ்: பிடிப்பாரு, பிடிப்பாரு.

முத்துலட்சுமி: இந்தாங்க, டீ குடிங்க. காராச்சேவும் இருக்கு.

அனீஸ்: காட்டுக்குத் தூக்குவாளியில டீ கொண்டாந்தீங்களா?

மாரிச்செல்வம்: அவ எங்க போனாலும் தூக்கோடதான் போவா.

அனீஸ்: தண்ணி கேன், தார்ப்பாய், போர்வை... பின்னாடி இருக்கதப் பாத்தேன். குடும்பத்தோட காசிக்குப் போற மாதிரில்ல இருக்கு.

முத்துலட்சுமி: டீ ஆறுது பாய்.

அனீஸ்: சரி... குடிச்சுட்டு எறங்கிருதேன். மழை விட்ட மாதிரி இருக்கு.

மாரிச்செல்வம்: அய்யோ... கதவுக் கைப்பிடிய விடுங்க. விடுங்க பாய். பாருங்க, நீங்க அதத் தொட்டதும் கெழக்க வெளுக்குது.

அனீஸ்: வெளுத்தா நல்லதுதானண்ணே?

மாரிச்செல்வம்: யாருக்கு நல்லது?

முத்துலட்சுமி: அந்தா, எங்க காட்டப் பாருங்க பாய். புழுதி வெதைப்பு. மழைய நம்பி உளுந்தையும் சோளத்தையும் காஞ்ச புழுதியிலயே போட்டுட்டோம். எறும்பு இழுத்தது போக மிச்சம் மண்ணுக்குள்ள கெடக்கு. மறுபடி வெதைக்க வீட்டுல ஒரு கைப்பிடி வெதை கெடையாது.

அனீஸ்: அப்ப உங்களுக்கு மழை வேணும். எனக்கு வேணாம். ரெண்டு பேரும் ஒரே வண்டியில உக்காந்திருக்கோம்.

மாரிச்செல்வம்: ம்... வந்துருச்சு, வந்துருச்சு. மழை திரும்பப் பிடிச்சுக்கிருச்சு. கைப்பிடிய விட்டீகள்ல, அதான்.

அனீஸ்: என்னது?

மாரிச்செல்வம்: ஒண்ணுமில்ல. டீ நல்லாருக்கான்னு கேட்டேன்.

முத்துலட்சுமி: ஏன் பாய், டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே?

அனீஸ்: சும்மா. ஈரத்துல கேமரா வேலை செய்யுதான்னு பாத்தேன்.

முத்துலட்சுமி: வந்ததுலருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கீக. அதென்ன அதுக்கு மேல, மழைச்சட்டையா? காஞ்ச கம்மாய எடுக்க வந்த கேமராவுக்கு எதுக்கு மழைச்சட்டை?

அனீஸ்: அது... தூசிக்கு மதினி.

முத்துலட்சுமி: தூசிக்கா. சரி.

அனீஸ்: அண்ணே, பேச்ச மாத்தாதீங்க. ஒரே ஒரு தடவை வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. நீங்க இன்னும் ஸ்டார்ட் பண்ணியே பாக்கல.

மாரிச்செல்வம்: மாட்டுன வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா இன்னும் எறங்கும்.

அனீஸ்: பரவால்ல. பண்ணுங்க.

மாரிச்செல்வம்: சாவி... இங்கதான் வச்சேன்...

அனீஸ்: வண்டியிலயே சாவி இல்ல. மதினி எதுக்கு முந்தியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக?

முத்துலட்சுமி: இனி எதுக்கு மறைக்கணும், சொல்லிருங்க.

மாரிச்செல்வம்: நீயே சொல்லு.

முத்துலட்சுமி: சாவி என் முந்தியிலதான் முடிஞ்சிருக்கு பாய். வேணும்னுதான் வண்டிய இதுக்குள்ள விட்டாக. நீங்க போயிரக் கூடாதுன்னு.

அனீஸ்: ஏன்?

முத்துலட்சுமி: நீங்க வந்தா மழை வருது.

அனீஸ்: ஹஹ்ஹா... நான் வந்தா மழையா?

மாரிச்செல்வம்: சிரிக்காதீக. மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுத்துப் பாத்தோம். பொம்பளைக மழைச்சோறு எடுத்து, ஊர விட்டே போறோம்னு எல்லையில உக்காந்து அழுது பாத்தாக. ஒரு துளி இல்ல. கோகிலாம்பாள் அத்தைதான் கூட்டத்துல எந்திரிச்சு, அட, அந்தக் கேமராக்கார பாய வரச் சொல்லுங்கடான்னுச்சு. அப்புறந்தான் உங்களுக்கு விடாம போன் போட்டது.

அனீஸ்: அடப்பாவிகளா. அப்ப கையைக் கண்ணுல ஒத்துனது...

மாரிச்செல்வம்: பால்சாமி மாமாவுக்குப் பார்வையெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

முத்துலட்சுமி: போன தடவை பாதியிலயே பஸ் ஏறிட்டீக. நீங்க ஏறவும் மழை நின்னு போச்சு. அரை உழவுகூட நனையல. மொளைச்ச பயிரு அப்படியே வாடிருச்சு. அதான் இந்தத் தடவை, ஏரு எறங்குற ஆழத்துக்கு மண்ணு ஒரு உழவு நனையிற வரைக்கும் உங்களக் கீழ எறங்க விடக் கூடாதுன்னு...

அனீஸ்: இதுக்குப் பேரு ஆள் கடத்தல் மதினி.

மாரிச்செல்வம்: கடத்துறவன் கோழிக் கொழம்பா வைப்பான்? அருப்புக்கோட்டையில உங்க ஆளுக கடையிலதான் அறுத்து வாங்கியாந்தேன். கேட்டுத்தான் வாங்குனேன்.

முத்துலட்சுமி: வெதையப் போட்ட நாள்லருந்து எனக்குத் தூக்கமில்ல பாய். எறும்பு ஊருறதப் பாத்தாலே நெஞ்சு பதறுது. அதுக்காக உங்களப் பொய் சொல்லி வரவச்சது தப்புதான். ஒவ்வொரு வருசமும் உங்க படத்தக் கெடுத்துட்டோம். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

அனீஸ்: அழாதீங்க மதினி. அண்ணே, ஒண்ணு கேக்கேன். போன மாசம் பூரா நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. நான் ஏன் வரல?

மாரிச்செல்வம்: கடையில ஆளில்லன்னீக. அப்புறம் மச்சினிச்சிக்குக் கல்யாணம்னீக.

அனீஸ்: எனக்கு மச்சினிச்சியே கெடையாது.

முத்துலட்சுமி: அப்ப இன்னைக்கு மட்டும் கூப்பிட்ட ஒடனே எப்படி ஓடியாந்தீக?

அனீஸ்: தெனமும் போன்ல மேகம் பாப்பேன் மதினி. கருமேகம் பரளச்சிப் பக்கமா வருதுன்னு காட்டுன அன்னைக்கு மட்டுந்தான் பஸ் ஏறுவேன். போன தடவை நான் போனதால மழை நிக்கல, மழை நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சுதான் நான் போனேன். வெடிச்ச கம்மாய் யாருக்கு வேணும், எனக்கு வேண்டியது கரிசலுக்கு மேல எறங்குற மழை. அத வெளிய சொல்லிட்டு ஒரு ஊருக்குப் போனேன், மேகம் கலைஞ்சுருச்சு, கண்ணு வச்சுட்டான்னு சொல்லி வழிய மறிச்சுட்டாங்க. அதுலருந்து எல்லாருக்கிட்டயும் வறட்சியப் படம் எடுக்கணும்னுதான் கேக்கேன். இன்னைக்குப் பொழுது அடையிற வரைக்கும் மேகம் இருக்கு, உங்களுக்கு ஒரு உழவு தாராளமாக் காணும். சாவி உங்க முந்தியிலயே இருக்கட்டும்... கதவ மட்டும் தொறந்து விடுங்க மதினி. அந்தா, அந்த ஒத்தப்பனை மேல மழை எறங்குது. அப்ப இருந்து எறங்குறேன் எறங்குறேன்னு நான் கெடந்து துடிச்சது பஸ்ஸுக்கு இல்ல, அதுக்குத்தான்.